கை நனைக்காமல் ஒரு கிரேக்கத் தீவு

ஐரோப்பாவுக்குப் போய்ப் பட்டினி கிடப்பது என்று முடிவு செய்து, அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்த முதல் சங்கரன்கோவில்காரன் நானாகத்தான் இருப்பேன். எனக்கு ராஜபாளையம் ரோட்டில் உரக்கடை. அதற்கு முன்னால் நான் போன தூர தேசம் திருப்பதி.

விஷயம் இதுதான். மகள் கோமதி ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். முப்பது வயது. நாங்கள் வருடக்கணக்காக அனுப்பிய மாப்பிள்ளை போட்டோக்களை எல்லாம் பார்த்து, "நல்லா இருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். திருநெல்வேலியில் பல் டாக்டர், மதுரையில் பேங்க் மேனேஜர், வாசுதேவநல்லூரில் என் மனைவி வழியில் நஞ்சையும் தென்னந்தோப்புமாக ஒரு பையன். எல்லோரும் நல்லாத்தான் இருந்தார்கள். ஒருநாள் போனில் நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா, என்கூட வேலை பாக்குத ஒருத்தர் இருக்காரு. நிக்கோஸ்னு பேரு. கிரீஸ்ல நாக்ஸோஸ்னு ஒரு தீவு, அதான் அவரு ஊரு. அப்பா இல்ல. அம்மா அங்கன சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. நீங்களும் அம்மாவும் வந்து பாருங்க. நீங்க சரின்னு சொல்லாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன். ஆனா பாக்காமலே வேண்டாம்னு சொல்லக்கூடாது."

பெண் வீட்டுக்காரன் கடல் தாண்டிப் போய் மாப்பிள்ளை பார்ப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் லீவு கிடைக்கும் என்றாள். அது ஆடி மாதமாயிற்றே, ஆடியில் சம்பந்தம் பேசினால் உருப்படுமா என்று கேட்டேன். "ஐரோப்பால ஆடி கிடையாதுப்பா" என்றாள். படிக்க வைத்தால் இப்படித்தான்.

வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதற்கு வேறு வழி வைத்திருக்கிறோம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைக்காமல் வந்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். ரொம்ப வற்புறுத்தினால் பாதி டம்ளர் காபி. சோற்றில் கை வைத்தால் சம்மதம், வைக்காமல் எழுந்தால் இல்லை. அவர்களே புரிந்துகொள்வார்கள், யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

ஆகவே ஒரு பெரிய பெட்டி நிறைய இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, அவல் என்று அடைத்தேன். என் மனைவி ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேண்டாம்னு சொல்லுததுக்கு இம்புட்டுத் தூரம் போணுமாங்க? போன்லயே சொல்லிரலாம்லா."

"பாக்காம சொல்லக்கூடாதுன்னுட்டால்லா. பாத்துட்டே சொல்லுதேன்."

விசா, விமானம் எல்லாம் மகள் பாடு. அந்தக் கதை யாருக்கும் பயன்படாது. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்தில் கோமதி எங்களுக்காகக் காத்திருந்தாள். அங்கிருந்து கப்பல்.

கப்பல் என்றால் பின்பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். லாரி, கார், நாய், நாங்கள், எல்லோரும் ஒரே வாய்க்குள் போக வேண்டும். உள்ளே பெட்டி வைக்க இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தீவின் பெயர். நாக்ஸோஸ் என்று எழுதியிருந்த தட்டில் பெட்டிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. தள்ளி இன்னொரு கோடியில் சாண்டோரினி என்ற தட்டு காலியாக இருந்தது. தென்காசி பஸ்ஸில் இடம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் மூட்டையை வைக்கலாம், இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்த அனுபவத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் காலித் தட்டில் தாராளமாக வைத்தேன்.

நாக்ஸோஸில் கப்பல் நின்ற நேரத்தைவிட எங்கள் ஊரில் டவுன் பஸ் கூட அதிக நேரம் நிற்கும். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் போட்டது. திரும்பிப் பார்க்கிறேன், சாண்டோரினிக்காரர்களின் தட்டு கப்பலின் இன்னொரு கோடியில். வாய் மூடிக்கொண்டது. என் இட்லிப்பொடி எனக்கு முன்னால் அந்த உலகப் புகழ்பெற்ற தீவைப் பார்க்கப் போய்விட்டது.

கரையில் மாப்பிள்ளை நின்றார். நெடுநெடுவென்று, தாடியோடு, அரைக்கால் சட்டையில். மாமனார் ஆகப்போகிறவனை வரவேற்க அரைக்கால் சட்டையில் வருகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஓடிவந்து ஆவுடையின் பையை வாங்கிக்கொண்டார். "வணக்கம் அத்தை" என்றார் தமிழில். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் கட்சியில் ஒரு ஓட்டு குறைந்தது என்று தெரிந்துவிட்டது.

அவருடைய அம்மா மரியா கடை வாசலிலேயே நின்றிருந்தார். கட்டையான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி, அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்புகளோடு இரண்டு கைகள். உள்ளே மேஜையில் எங்களுக்காக என்னென்னவோ ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் வயிற்றைத் தடவிக் காட்டி, கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றும் இறங்காது என்றேன். அந்த அம்மா ஏதோ கஷாயம் வைத்துக் கொடுத்தார். கஷாயத்துக்குக் கை நனைப்பு விதி பொருந்தாது, குடித்தேன்.

கஷாயம் பசியை நன்றாகக் கிளப்பிவிட்டது. பெட்டி இல்லை. சாயங்காலம் நாங்கள் தங்கிய அறையிலிருந்து நழுவி, துறைமுகத்தில் மரியா அம்மா கடை இருந்த வரிசையிலேயே மூன்றாவது கடைக்குள் ஆவுடையோடு நுழைந்தேன். வாசலில் கொடி கட்டி ஆக்டோபஸ்ஸைத் துவைத்த துணி போல வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். அதைத் தவிர்த்து, எலுமிச்சையும் ஏதோ இலையும் போட்டு அடுப்பில் மணிக்கணக்கில் கிடந்த ஆட்டுக்கறி வாங்கினோம். எங்கள் ஊர்ப் பிரியாணிக்குக் கிட்டே வராது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். எலும்பைத் தொட்டதும் கறி கழன்று விழுந்தது. இரண்டாவது தட்டு வாங்கும்போது பிரியாணியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டேன்.

மறுநாள் ஊர் சுற்றிக் காட்டினார்கள். துறைமுகத்தை ஒட்டிய மேட்டில் பளிங்கில் பிரம்மாண்டமான வாசல். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் முன்னால் கோயில் கட்ட ஆரம்பித்து, வாசலை நிறுத்தியதோடு வேலை நின்றுவிட்டதாம். அந்த வாசல் வழியாகச் சூரியன் இறங்குவதைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து கூட்டம். எங்கள் ஊரில் ஒன்பது நிலைக் கோபுரம், உள்ளே சாமி, தெப்பக்குளம், புற்றுமண் பிரசாதம் வரை எல்லாம் இருக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாவை விட்டால் எட்டிப்பார்க்க ஆள் கிடையாது. நாமும் வாசலோடு நிறுத்தியிருக்க வேண்டும் போல.

மத்தியானம் ஒரு கடையில் மீன் வாங்கினோம். மீன் வாயும் கண்ணுமாக முழுசாக வந்து என்னைப் பார்த்தது. மசாலா இல்லை, மிளகாய் இல்லை, எண்ணெயும் எலுமிச்சையும் உப்பும்தான். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று சொல்லலாம் என்றால் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. கூடவே தக்காளியும் வெள்ளரியும் வெட்டிப் போட்டு ஒரு கலவை. அதிலிருந்து ஒரு தண்டை ஆவுடை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது நம்ம வயல்ல களையெடுக்கும்போது பிடுங்கிப் போடுத பருப்புக்கீரைல்லா?"

அதேதான். வாசுதேவநல்லூரில் வரப்பில் எறிகிற கீரைக்கு இங்கே ஒரு மூட்டை யூரியா விலை வாங்குகிறார்கள். என் மாமனார் இது தெரியாமல் நாற்பது வருடம் நெல் போட்டிருக்கிறார்.

அறைக்குத் திரும்பினால் வாசலில் தட்டு. மரியா அம்மா அனுப்பிய தேன் ஊறிய பலகாரம். நான் மூடியைக் கூடத் திறக்கவில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். கோமதிதான் தட்டை வாங்கிக்கொண்டு போனாள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தீவின் வடகோடிக்கு பஸ். நிக்கோஸும் கோமதியும் கூட வந்தார்கள். மலைப்பாதை வளைகிற வளைப்பில் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையை ஆட்டிப் பேசிக்கொண்டே ஓட்டினார். ஒரு கை போதாதபோது ஸ்டியரிங்கைத்தான் விட்டார். ஓரிடத்தில் ஆட்டு மந்தை ரோட்டை மறித்துப் படுத்துக்கொண்டது. மொட்டை மலை, முள்செடி, காய்ந்த புல், ஆடு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இளையரசனேந்தலில் பார்க்காததா? இதற்கு விமானம் ஏறி வந்திருக்கிறேன். காற்று மட்டும் நம் ஆடிக்காற்றுக்கு அண்ணன், ஜன்னலோரம் இருந்தவனின் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது.

மலை ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தது, ஒரு கல் குவாரியில் மல்லாந்து கிடக்கும் முப்பது அடிச் சிலை. அதுவும் பாதி. செதுக்கும்போது விரிசல் விட்டதால் அப்படியே போட்டுவிட்டுப் போனார்களாம். முந்தின நாள் முடிக்காத கோயில், அடுத்த நாள் முடிக்காத சாமி. "உங்க ஊருல எதையாச்சும் முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். கோமதி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். நிக்கோஸ் விடவில்லை, வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சாப்பாட்டை மட்டும் முடிப்போம்" என்றார். சிரித்துவிடக்கூடாது என்று சிலையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஊரில் உருளைக்கிழங்கு பொரித்து, மேலே ஆட்டுப்பால் சீஸைத் துருவித் தந்தார்கள். இந்தத் தீவு உருளைக்கிழங்குக்குப் பேர்போனதாம். உரக்கடைக்காரன் ஊட்டி உருளையைத் தவிர எதையும் மதிக்க மாட்டான். ஆனாலும் என் தட்டு காலியானதும் நான் ஆவுடையின் தட்டுப் பக்கம் திரும்பியது உண்மை.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினார்கள். என்னவாம் என்று கேட்டேன். நிக்கோஸ் தாடியைச் சொறிந்தார். கோமதிதான் கடைசியில் சொன்னாள்.

"மரியா கடைல சாப்பிடாத இந்தியன் இவருதான்னு பேசிக்கிடுதாங்கப்பா."

பயந்தது அப்போதுதான். கை நனைக்காமல் இருப்பது இரண்டு வீட்டுக்கு நடுவில் மூடிமறைத்து முடிகிற காரியம். இங்கே என்னடாவென்றால் பஸ்ஸில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரியா அம்மா கடைக்கு லீவு விட்டுவிட்டு எங்களை வரச் சொன்னார். வராமல் இருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. நீளமான மேஜை நிறைய சாப்பாடு. ஆட்டுக்கறி, சுட்ட கத்திரிக்காய், ரொட்டி. நடுவில், பெரிய தக்காளிகளைக் குடைந்து உள்ளே சோறு வைத்து வேகவைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பி ஐந்து நாளாகச் சோற்றைக் கண்ணால் பார்க்காதவன் முன்னால் சோறு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிரே மரியா அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டார். அவர் கிரேக்கத்தில் பேச, நிக்கோஸ் அதை இங்கிலீஷில் சொல்ல, கோமதி தமிழில் சொன்னாள். மூன்று கை மாறி வந்தும் கோபம் சூடு ஆறவில்லை.

"வயிறு சரியில்லைன்னீங்களாம். அன்னைக்கே மூணாவது கடைல ஆட்டுக்கறி ரெண்டு பிளேட்டாம். மறுநாள் மீனாம். நேத்து மலைல உருளைக்கெழங்காம். எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்க கடையாம். எங்கடைல மட்டும் என்ன, விஷமா வைக்கேன்னு கேக்காங்க."

எனக்குக் காது சுட்டது. வேறு வழியில்லாமல் கோமதியிடம், விஷயத்தைச் சொல்லிவிடு என்றேன். அவள் முகம் சிவக்க எங்கள் வழக்கத்தை விளக்கினாள். பேச்சு முடியாமல் சோற்றில் கை வைப்பதில்லை, வைத்தால் சம்மதம். மரியா அம்மா முழுசாகக் கேட்டார். கோபப்படுவார், அழுவார், ஏதோ ஒன்று நடக்கும், அத்தோடு முடிந்தது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரொம்ப நல்ல வழக்கம்ங்காங்க" என்றாள் கோமதி. "அப்ப நானும் சாப்பிடலங்காங்க. நான் மட்டும் சரின்னு சொல்லிட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்காங்க."

நான் ஆடிப்போய்விட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து புறப்பட்டு, கப்பலேறி, இட்லிப்பொடியைப் பறிகொடுத்து, வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான். அந்த அம்மா என்னை முந்திக்கொண்டுவிட்டார்.

"எம்பொண்ணுக்கு என்ன குறையாம்? கேளுட்டி அந்தம்மாகிட்ட!"

"அப்பா, நீங்கதானப்பா வேண்டாம்னு..."

"நான் வேண்டாம்னு சொல்லுதது வேற. அவுக எப்படிச் சொல்லலாம்?"

பதில் வந்தது. கணவர் போன பிறகு இந்தக் கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறாராம். மகன் கொஞ்ச காலம் ஜெர்மனியில் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனானாம். கோமதியைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சே எடுப்பதில்லையாம். "உங்க பொண்ணாலதான் எம்மகன் ஊருக்கு வரலங்காங்க" என்றாள் கோமதி, தன் மேல் சாட்டிய குற்றத்தைத் தானே மொழிபெயர்த்து.

"சொல்லு, அவுக மகனாலதான் எம்மவ ஊருக்கு வரலன்னு!"

அதை நிக்கோஸ் தன் அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இப்படி நாலைந்து முறை போய் வந்தது. கறி ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுதீங்க" என்றாள் ஆவுடை. "இதுல சண்டை எங்கன இருக்கு?"

மரியா அம்மா இந்த முறை கோமதியையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். படிப்பு, சம்பளம், அழகு எல்லாம் கேள்விப்பட்டாராம். அதெல்லாம் நல்ல நாளைக்குத்தானே. அவர் மகனுக்கு ஒரு கெட்ட நாள் வந்தால் இவள் என்ன செய்வாள்? அது யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியும்" என்றேன். "சொல்லுதேன், அவுககிட்ட சொல்லு."

கோமதிக்குப் பதினேழு வயது. சித்திரை மாதம், பரீட்சை முடிந்த லீவு. நான் சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தேன், கடையில் அவள் தனியாக இருந்தாள். இளையரசனேந்தல் பக்கத்து விவசாயி, எங்கள் வாடிக்கைச் சம்சாரி ஒருவர் வந்து பூச்சிமருந்து ஒரு பாட்டில் கேட்டார். என்ன வெள்ளாமைக்கு அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறாள். பருத்திக்கு என்றிருக்கிறார். மானாவாரிக் காட்டில் காய்ந்த பருத்தி மாரைப் பிடுங்கிப் போட்டு மாதமாகிவிட்டது, நிலம் வெறும் கரிசலாகக் கிடக்கிறது, மருந்து எதற்கு அடிப்பது? மருந்து அலமாரி அவள் முதுகுக்குப் பின்னால்தான். ஸ்டாக் இல்லை, வண்டி வந்துகொண்டிருக்கிறது, உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தாள். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி, அவர் மகள் படிப்பைப் பற்றி விடாமல் பேச்சுக் கொடுத்தாள். நடுவில் எனக்கும் அவர் வீட்டுக்கும் போன் போட்டாள். அவர் மனைவி ஆட்டோ பிடித்து வந்து சேரும் வரை அந்த மனுஷனை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க விடவில்லை.

டீ வரைக்கும் மொழிபெயர்த்த கோமதி அங்கேயே நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். மீதியை நான் என் கடை இங்கிலீஷில் நேராக நிக்கோஸிடம் சொன்னேன். அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு படி உளுந்தோடு வருவார். என்னை விசாரிக்க மாட்டார், பாப்பா எப்படி இருக்கு என்றுதான் கேட்பார்.

நிக்கோஸுக்கும் இது புதுசு. தன் அம்மாவிடம் சொல்ல மறந்து கோமதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரியா அம்மா அவர் தோளில் இடித்த பிறகுதான் சொல்ல ஆரம்பித்தார்.

"இத நீங்க யார்ட்டயும் சொன்னதே இல்லியேப்பா" என்றாள் கோமதி. கண் நிறைந்திருந்தது.

"யாரு கேட்டா?" என்றேன். இந்தப் பிள்ளையை யார் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குத் தாங்காது என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. அப்படிச் சொல்லுகிறவர் ஏழு கடல் தாண்டி இருந்தாலும் சரி.

மகன் சொல்லி முடித்ததும் மரியா அம்மா தள்ளி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்கினார். அப்புறம் பெரிய தக்காளியாகப் பார்த்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆவுடை என்னைப் பார்த்தாள். கோமதி என்னைப் பார்க்காமல் இருந்தாள். நான் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, தக்காளியைப் பிட்டு, சோற்றைக் கையால் பிசைந்து ஒரு வாய் போட்டேன்.

உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சம்பந்தி வீட்டுச் சோற்றில் குறை சொல்லக்கூடாது என்று இன்னொரு தக்காளி கேட்டு வாங்கிக்கொண்டேன்.